அச்சமும் அளவுகோலும்

அச்சத்துக்கும் அறியாமைக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் ஓயாது பேசி வந்திருக்கிறோம். அச்சத்துக்கும் ஏமாற்றப்பட்ட அனுபவத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய வேளை வந்திருக்கிறது. ஏனெனில், நகரங்களில் கூரைக்குக் கூரை எழுந்து நிற்கும் செல்பேசிக் கோபுரங்களைக் கண்டு மக்கள் எழுப்பும் கேள்வியில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

"இந்தக் கோபுரம் எங்கள் பிள்ளைகளுக்கு நோய் தருமா?" என்பதுதான் கேள்வி. எளிய கேள்வி, நேர்மையான கேள்வி. விடை கூற வேண்டியவர் மூவர்: அறிவியலார், ஆட்சியாளர், வணிகர். அறிவியலார் விடை கூறுகின்றனர். ஆனால் அது மக்களின் மொழியில் வருவதில்லை. ஆட்சியாளர் சட்டம் கூறுகின்றனர். ஆனால் அது மக்களின் தெருவுக்கு வருவதில்லை. வணிகர் விளம்பரம் கூறுகின்றனர். அது மட்டும் வீடு தேடி வருகிறது! இந்த இடைவெளியில்தான் வதந்தி குடியேறுகிறது. வதந்தி குடியேறிய வீட்டிற்கு அடுத்தபடியாக வருவது பூசாரி.

இது கற்பனையன்று, வரலாறு. அந்த வரலாற்றைப் படிக்கக் கோவை நகரத்தின் ஆர்.எஸ்.புரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பிளேக் கற்பித்த பாடம்

இரத்தினசபாபதிபுரம் என்பதன் சுருக்கமே ஆர்.எஸ்.புரம். கோவை நகரவையின் தலைவராக விளங்கிய திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த பகுதி அது. நகரின் நடுவே நகரும் திவான் பகதூர் சாலையும் அவர் பட்டத்தின் நினைவே. நெருக்கடி மிகுந்த பழைய நகருக்கு மேற்கே, நேரான தெருக்களும் அகன்ற மனைகளுமாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்டது அப்பகுதி. காற்றும் வெளிச்சமும் புகும் வீடு வேண்டும், கழிவுநீர் ஓட வழி வேண்டும், நெருக்கமே நோயின் தோழன் என்னும் எண்ணங்கள் இந்திய நகரங்களில் வேரூன்றிய காலம் அது. அவ்வெண்ணங்களை ஊன்றியது எது? பிளேக்.

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், அடுத்த ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோவையையும் அது மீண்டும் மீண்டும் தாக்கியது. கண்ணுக்குத் தெரியாத பகை. காலையில் காய்ச்சல், சில நாட்களில் சாவு. வீட்டை விட்டு வெளியேறி வயல்வெளியில் கொட்டகை போட்டுத் தங்குவது பிளேக் புகுந்த ஊர்களின் வழக்கமாயிற்று. அறிவியல் அப்போது உறங்கிக் கொண்டிருக்கவில்லை. 1894இல் ஹாங்காங்கில் எர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1898இல் சிமோன், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமக்கிறது என்றார். 1897 சனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் தடுப்பூசியைக் கண்டு, முதலில் தம் உடலிலேயே செலுத்திக் கொண்டார்.

கோவை மக்களுக்கு அந்த அறிவு எந்த அளவில் எட்டியது என்பதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் கோவையில் இன்றும் நிற்கின்றன! கிருமியின் பெயர் மக்களுக்குத் தெரியவில்லை. தெள்ளுப்பூச்சியின் பங்கு தெரியவில்லை. எலியை ஒழித்தால் நோய் ஒழியும் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே நோயின் ஆங்கிலப் பெயரை அம்மனின் பெயரோடு ஒட்டி வைத்துக் கும்பிட்டார்கள். அம்மக்களை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. செத்துக் கொண்டிருந்தவனுக்கு அறிவை எடுத்துச் செல்லாதவர்கள்தாம் நாணவேண்டும்.

அன்றைய அரசு அறிவை எடுத்துச் செல்லவில்லை. அதிகாரத்தை எடுத்துச் சென்றது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. பூனாவில் படை வீரர்கள் வீடு புகுந்தனர். பெண்களின் மானமும் மதிக்கப்படவில்லை என்ற சினம் மூண்டது. அதே ஆண்டு சூன் 22ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். மக்களிடம் விளக்கிச் சொல்லாமல் மக்களைக் காக்கப் புறப்படும் அரசு என்ன விளைவைச் சந்திக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் என்ற சிற்றூரில் பிளேக் தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களில் 19 பேர் இழுப்பு நோயால் மாண்டனர். தடுப்பூசியே நஞ்சு என்று நாடு நடுங்கியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஆராய்ந்து பார்த்தபோது, அந்த 19 பேருக்கும் மருந்து வந்தது ஒரே புட்டியிலிருந்து என்பதும், கேடு அந்த ஒரு புட்டியில் புகுந்தது என்பதும் தெரிந்தன. 1907இல்தான் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. மக்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் அவர்கள் சுட்டிய இடத்தில் இல்லை. இந்த ஒரு பாடத்தை நெஞ்சில் நிறுத்திக் கொண்டுதான் நாம் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

வானலையின் வரலாறு

கம்பியில்லாமல் செய்தி செல்லும் விந்தை நமது நாட்டுக்கு நேற்று வந்ததன்று. 1895இல் கல்கத்தாவில் சகதீச சந்திரபோசு, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளைக் கொண்டு, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைக் கொளுத்திக் காட்டினார். 1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மாகாண வானொலிச் சங்கம் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் எழுந்தன. இயந்திர நுணுக்கத்தில் உலகம் வியக்க வாழ்ந்த கோவையின் ஜி.டி. நாயுடு, ஏழையும் வாங்கும் விலையில் வானொலிப் பெட்டி செய்ய வேண்டுமென்று முனைந்தவர். 1932இல் பைக்காரா மின்சாரம் பிறந்ததும் கோவையின் ஆலைகள் பெருகின. கண்ணுக்குத் தெரியாத மின்னாற்றல் அந்நகருக்குச் சோறு போட்டது. கண்ணுக்குத் தெரியாத வானலை அந்நகருக்குப் பாட்டும் செய்தியும் தந்தது. தெரியாதது எல்லாம் தீயது என்றால் கொங்குநாட்டின் தொழில் வளமே இல்லை.

1995 சூலை 31ஆம் நாள் இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நடந்தது. அதன் பிறகு கோபுரங்கள் பெருகின. பெருகப் பெருக ஐயமும் பெருகிற்று. ஐயத்துக்குப் பெயர் வைத்தபோது நமது மொழியில் ஒரு விபத்து நேர்ந்தது. அணுவுலையிலிருந்து வருவதும் "கதிர்வீச்சு". மருத்துவமனையில் எலும்பைப் படம் பிடிப்பதும் "கதிர்". கோபுரத்திலிருந்து வருவதும் "கதிர்வீச்சு"! ஒரே சொல்லுக்குள் புலியையும் பூனையையும் அடைத்து விட்டோம். இரண்டும் ஓரினம் என்பது உண்மைதான்; இரண்டும் ஒரே வலிமையுடையன அல்ல.

வேற்றுமை எங்கே? எக்ஸ் கதிரின் ஒவ்வோர் ஆற்றல் துணுக்குக்கும் உடலின் அணுக்களிலிருந்து மின்னணுவைப் பிய்த்தெறியும் வலிமை உண்டு. உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைத்துப் புற்றுக்கு வித்திடவும் வல்லது. செல்பேசி அலையின் ஆற்றல் துணுக்கோ, நம் கண் காணும் ஒளியின் ஆற்றல் துணுக்கில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு அணுவைப் பிய்க்கும் வலிமையில்லை. மிகுதியாகப் பாய்ந்தால் உடலைச் சிறிது சூடேற்றும். ஆகவே உலகெங்கும் வகுக்கப்பட்ட வரம்புகள் சூடேறாமல் காக்கும் வரம்புகளே.

கோபுரத்தைவிடக் கையிலுள்ள கருவியே நமக்கு அருகிலுள்ளது. அலையின் வலிமை தொலைவு கூடக்கூட விரைந்து குறையும். இரு மடங்கு தொலைவில் நாலில் ஒரு பங்காகும். காதோடு ஒட்டிய கருவி தரும் அலையோடு ஒப்பிட்டால், தெருக்கோடிக் கோபுரத்தின் அலை மிகச் சிறிது. கோபுரம் தொலைவிலிருந்தால் கருவி தன் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கும். அதாவது, மிகுந்த ஆற்றலோடு அலையை வீசும். கோபுரத்தை விரட்டியடித்துவிட்டுக் கருவியைக் காதில் வைத்துக் கொண்டிருப்பவர், வாசற்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பவரே.

ஐயம் எதனால் எழுந்தது?

அப்படியானால் ஐயமே வீணா? அவ்வாறு நாம் கூறமாட்டோம்.

2011 மே மாதம், உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 14 நாடுகளைச் சேர்ந்த 31 அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்து, வானலையைப் "புற்றுநோய் தரக் கூடியதாக இருக்கலாம்" என்னும் 2பி வரிசையில் வைத்தது. நாள்தோறும் நெடுநேரம் செல்பேசியைக் காதில் வைத்திருந்தோரிடம் ஒருவகை மூளைக் கட்டி சற்று மிகுந்து காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறியதே காரணம். "இருக்கலாம்" என்ற சொல்லை ஒரு சாரார் "இருக்கிறது" என்று படித்தனர். வணிகர் "இல்லை" என்று படித்தனர். ஆசிய நாட்டு ஊறுகாய் வகையொன்றும் அதே வரிசையில்தான் உள்ளது. 2018இல் அமெரிக்க அரசின் ஆய்வொன்று, உடல் முழுதும் வலிய அலை பாய்ச்சப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகளைக் கண்டது. அலை பாய்ச்சப்பட்ட எலிகள் மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன என்பதும் அதே ஆய்வில் உள்ளது. பின்னர் 2024இல், உலக நல நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளைத் திரட்டி எடை போட்டனர். பத்தாண்டுக்கு மேல் செல்பேசி பயன்படுத்தியோரிடமும் மூளைப் புற்று மிகுந்து காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. கோடிக்கணக்கான மக்கள் செல்பேசியைக் கையிலெடுத்த பிறகும் அந்நோயின் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறவில்லை.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. இன்றுள்ள சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே பொருள். பகுத்தறிவாளன் சான்றின் பக்கம் சாய்வான். சான்று மாறினால் தானும் மாறுவான். அதுவே அவனுக்கும் பக்தனுக்கும் உள்ள வேற்றுமை.

இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர அலைக்கான வரம்பை உலக வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றிருந்தது 0.45 வாட் ஆயிற்று. நற்செயல்தான். ஆனால் ஏன் குறைத்தோம், எவ்வாறு அளக்கிறோம், யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாமா என்பதை ஊர்தோறும் விளக்கினார்களா? 2017இல் ஓர் இணையவழி ஏற்பாட்டைத் தொடங்கி, ஐயமுள்ளவர் 4000 ரூபாய் கட்டினால் தம் இடத்தில் அலையை அளந்து தருவோம் என்றனர். நாலாயிரம் ரூபாய்! ஆர்.எஸ்.புரத்து மாளிகையில் வாழ்பவருக்கு அது ஒரு வேளை விருந்தின் செலவு. உக்கடத்துக் குடிசையில் வாழ்பவருக்கு அது பல நாள் உழைப்பு. ஐயப்படும் உரிமைக்கும் விலை வைத்தால், விலையில்லாமல் கிடைக்கும் வதந்தியைத்தான் ஏழை வாங்குவான்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2012இல் இராசத்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை அருகிலுள்ள கோபுரங்களை அகற்றச் சொன்னது. 2017இல் உச்சநீதிமன்றம், தன் நோய்க்கு அண்டையிலுள்ள கோபுரமே காரணம் என்று முறையிட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், குவாலியரிலுள்ள கோபுரமொன்றை நிறுத்தச் சொன்னது. 2021இல் டில்லி உயர்நீதிமன்றமோ, 5ஜியை எதிர்த்து ஒரு திரைப்பட நடிகை தொடுத்த வழக்கைத் தள்ளி, 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. மறு ஆண்டு அது 2 லட்சமாயிற்று. படித்தவரையே இத்தீர்ப்புகள் குழப்பும்போது பாமரர் எதை நம்புவார்?

வதந்தியின் வல்லமை

நம்பக் கூடாததை நம்பினார்கள். 2020 ஏப்ரலில், அறிவுக்குப் பேர் போனதாகச் சொல்லப்படும் இங்கிலாந்தில், 5ஜி அலையே கொரோனாவைப் பரப்புகிறது என்று கூறிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தனர். 2021 மே மாதத்தில் அதே வதந்தி இந்தியாவிலும் பரவியது. மே 10ஆம் நாள் தொலைத்தொடர்புத் துறை மறுப்பு வெளியிட்டது: நாட்டில் எங்குமே 5ஜி சோதனை இன்னும் தொடங்கவில்லை! இல்லாத அலை இருக்கும் நோயைப் பரப்பியதாம். இந்தியாவில் 5ஜி வந்ததோ 2022 அக்டோபரில்.

அதே 2021 மே மாதம் கோவையின் இருகூரில் ஒரு மடத்தார் "கொரோனா தேவி" என்று கருங்கல்லில் சிலை செய்து யாகம் வளர்த்தனர். பிளேக் மாரியம்மனுக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டு! அதற்குள் சிறுவாணித் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது, பல்கலைக்கழகங்கள் வந்தன. தடுப்பூசி போடும் வரிசை ஒரு பக்கம் நீள, கருங்கல் தேவிக்கு ஆரத்தி மறுபக்கம் நடந்தது. ஏன்? கருவிகளை மக்களுக்குக் கொடுத்தோம். கருவிகள் இயங்கும் விதத்தைக் கொடுக்கவில்லை.

திரையுலகமும் தன் பங்கைச் செய்தது. 2018 நவம்பரில் வெளிவந்த "2.0" என்ற படம், செல்பேசி அலையால் பறவையினம் மடிவதாகக் காட்டியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது. படத்தில் பறவைக்காகக் கண்ணீர் விட்ட உள்ளம் பாராட்டத் தக்கதே. ஆனால் பறவைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் கோவைக்கு அருகிலேயே, ஆனைகட்டியில் இருக்கிறது. சாலிம் அலி பெயரால் 1990இல் அமைந்த ஆய்வு மையம் அது. அம்மையமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட நாட்டுப் பறவைகள் அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடளவில் 25 ஆண்டுகளாகப் பெரிதும் நிலையாகவே உள்ளது என்றது. ஓட்டு வீடு போயிற்று. கூடு கட்டப் பொந்தில்லை. பூச்சிக்கொல்லி வந்தது, குஞ்சுக்கு ஊட்டப் புழுவில்லை. இந்தக் குற்றங்களில் நமக்கும் பங்குண்டு. ஆகவே கோபுரத்தைச் சுட்டிவிட்டு நாம் தப்பித்துக் கொள்கிறோம்.

அஞ்ச வேண்டியது எதை?

இவ்வளவு கூறிய பிறகும் மக்களின் ஐயத்தை நாம் ஏளனம் செய்ய மறுக்கிறோம். காரணம், கொங்குநாட்டின் நடுவே ஓடும் நொய்யல்.

திருப்பூரின் சாயக் கழிவால் ஊருக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். உழவர்க்கு நீர் தருவதற்காக 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீரின் தொட்டியாக மாறிற்று. கிணறு கெட்டது; நிலம் உப்பேறியது; தென்னை பட்டது. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினர். 2011 சனவரியில்தான் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 1984இல் போபாலில் நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதற்கு முன்பும் ஆபத்தில்லை என்றே சொல்லப்பட்டது. "ஒன்றும் ஆகாது" என்று முதலாளி சொல்லக் கேட்டு, எல்லாம் ஆகிப்போனதைக் கண்ட மக்கள், கோபுரத்தின் அடியில் நின்று அதே சொல்லைக் கேட்கும்போது அஞ்சாமல் என்ன செய்வார்கள்? அவர்களது அச்சம் அலையைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது.

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அச்சம் என்பது அளவுள்ள செல்வம். அதைத் தவறான இடத்தில் செலவழித்துவிட்டால், சரியான இடத்துக்கு மிச்சம் இராது. நொய்யலின் நீரை எடுத்துச் சோதித்தால் நஞ்சு தெரிகிறது; அலையை அளந்தால் வரம்புக்குள் நிற்கிறது. தெரியும் நஞ்சுக்கு எதிராகத் திரள வேண்டிய கூட்டம், தெரியாத அலைக்கு எதிராகத் திரண்டால், மகிழ்பவர் யார்? சாக்கடையை ஆற்றில் விடுபவரும், புகையைக் காற்றில் விடுபவருமே.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் அதன் அலை அளவும், வரம்பும், அளந்த நாளும் தமிழில் எழுதப்பட வேண்டும்; நியாயவிலைக் கடையில் விலைப் பலகை தொங்குவதைப்போல. இரண்டு: ஐயப்பட்டவருக்கு அளந்து காட்டக் கட்டணம் கூடாது, அளக்கும்போது அந்தத் தெரு மக்களும், அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் மாணவர்களும் உடனிருக்க வேண்டும். மூன்று: வரம்பு மீறிய கோபுரத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் ஊரறிய வெளியிட வேண்டும்.

இம்மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அலையை அளக்கும் கருவியும் கிடைக்காத பொருளல்ல. இல்லாதது ஒன்றுதான்: மக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம். அந்த எண்ணம் பிளேக் காலத்து வெள்ளையனிடம் இல்லாதிருந்ததில் வியப்பில்லை. அவன் ஆள வந்தவன். வாக்குக் கேட்டு வருபவரிடம் அது இல்லாதிருக்கலாமா?

ஒரு நூற்றாண்டுக்கு முன் கோவை மக்கள் காணாத பகைக்கு அஞ்சினர். அறிவு வந்து சேராததால் அம்மனைத் தேடினர். இன்றைய மக்கள் கையில் உலகத்தின் அறிவு முழுதையும் கொண்டுவரும் கருவி இருக்கிறது. அந்தக் கருவி இயங்கும் அலையைப் பற்றிய அறிவு மட்டும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டு சேர்ப்பது நமது பணி. அளவுகோலை மக்கள் கையில் கொடுப்போம். அளந்து பார்த்தவன் வீணே அஞ்சமாட்டான். அஞ்ச வேண்டியபோது வாளாவிருக்கவும் மாட்டான்.